மரம், கல், பீங்கான், தந்தம்: சதுரங்க செட் சேர்ப்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது: "சதுரங்கம் ஓரளவு ஆடுவேன். இப்போதெல்லாம் ஆட்டத்தைவிடக் காய்களும் பலகையும்தான் கண்ணை இழுக்கின்றன. மரம், பளிங்கு, கண்ணாடி, பித்தளை என்று விதவிதமாக இருக்கின்றன. எந்தப் பொருளில் செய்தது நல்லது? பழையது என்று சொல்லி விற்பதை எப்படிச் சோதிப்பது? சேர்க்கத் தொடங்கினால் முதலில் எதை வாங்கலாம்?"

பொருளை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளும் சில வடிவங்களுக்கு இடம் கொடுக்கும், சிலவற்றுக்குக் கொடுக்காது. மரம் கடைசலுக்கு இணங்கும். கல்லில் மெல்லிய கழுத்து வைத்தால் ஒடியும். அச்சில் வார்க்கும் மண்ணுக்கு ஆழமான குடைவுகள் ஆகாது. செய்தவர் தன் கையில் இருந்த பொருளுக்குப் பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாரா என்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். அந்தப் பார்வை வந்துவிட்டால், எந்த செட்டை எடுத்தாலும் அதன் தரத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நான் கீழே சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

மரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்று உலகம் முழுக்க ஆடப்படும் காய்களின் வடிவமே மரத்திலிருந்து, அதுவும் கடைசலிலிருந்து பிறந்தது. அதற்கு ஸ்டான்டன் வடிவம் என்று பெயர். 1849 மார்ச் 1ஆம் தேதி லண்டனில் நத்தேனியல் குக் என்பவர் பெயரில் பதிவானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டன் அதற்குத் தன் பெயரைக் கொடுத்தார். அதற்கு முன் இங்கிலாந்திலேயே செயின்ட் ஜார்ஜ், பார்லிகார்ன் என்று பல வடிவங்கள் புழங்கின. ஜெர்மானிய நாடுகளில் செலனஸ், பிரான்சில் ரீஜென்ஸ். அவை பார்க்க அழகானவை, சில மிக அழகானவை. ஆனால் செலனஸ் காய்களை எடுத்துப் பாருங்கள்: பூவிதழ் போல அடுக்கடுக்காகக் கடைந்த மெல்லிய தண்டு, சிறிய அடிப்பாகம். கை பட்டால் சாயும். பழக்கமில்லாதவருக்கு ராணி எது, மந்திரி எது என்று சட்டெனத் தெரியாது. ஸ்டான்டன் வடிவம் இந்த இரண்டு குறைகளையும் தீர்த்தது. அகன்ற அடி, உள்ளே ஈயம், ஒவ்வொரு காய்க்கும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் தலை. ராஜாவுக்குச் சிலுவை, ராணிக்குக் கிரீடம், மந்திரிக்குப் பிளந்த தொப்பி, கோட்டைக்குக் கொத்தளம்.

இதில் குதிரையைத் தவிர மற்ற எல்லாமே அடிப்படையில் கடைசல் வேலைதான். கிரீடத்தின் பற்களையும் மந்திரியின் வெட்டையும் பிறகு அறுத்துக்கொள்ளலாம். குதிரையை மட்டும் உளி கொண்டு கையால் செதுக்கியாக வேண்டும். அதனால்தான் பழகியவர்கள் எந்த செட்டைப் பார்த்தாலும் முதலில் குதிரையைக் கையில் எடுப்பார்கள். இன்று உலகத்துக்கான மரக் காய்களில் பெரும்பகுதி அமிர்தசரஸில் உருவாகிறது. அங்கும் குதிரை செதுக்குவோர் தனித் திறமைக்காரர்கள். நல்ல செட்டின் கூலியில் பெரும் பங்கு அந்த நான்கு குதிரைகளுக்கே போகும். பார்க்க வேண்டியவை இவை: கழுத்தின் வளைவு மார்பில் வந்து சேரும் இடம் இயல்பாக இருக்கிறதா, தாடை எலும்பு தெரிகிறதா, காதுகள் தலையிலிருந்து வளர்ந்தவை போல இருக்கின்றனவா, ஒட்டவைத்தவை போல இருக்கின்றனவா, பிடரி மயிர் வெறும் கோடுகளாக நின்றுவிட்டதா. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கைவேலை என்றால் சிறு வேறுபாடு இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் நான்கும் ஒரே இனத்துக் குதிரைகளாகத் தெரிய வேண்டும். ஒன்று கழுதை போலவும் ஒன்று நாய் போலவும் இருந்தால் அந்த செட்டை எவ்வளவு பளபளப்பாக மெருகேற்றியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வெள்ளைக் காய்களுக்குப் பாக்ஸ்வுட், கறுப்புக்குக் கருங்காலி. இந்த ஜோடி சும்மா அமைந்ததல்ல. பாக்ஸ்வுட் மிக மெதுவாக வளரும் சிறு மரம். ரேகை அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் நகத்தின் விளிம்பளவு மெல்லிய வளையத்தைக் கடைந்தாலும் ஓரம் உதிராது. கருங்காலி இன்னும் கடினம். வைரம் பாய்ந்த நல்ல துண்டு தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. அதைக் கடைவது உளியைத் தேய்க்கும், ஆனால் மெருகு எண்ணெய் தொடாமலே வரும். இரண்டுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு: ஈரம் முழுக்கப் போகாத மரத்தைக் கடைந்தால் பிறகு வெடிக்கும். கருங்காலிதான் அதிகம் வெடிக்கும். அதிலும் ராஜாவின் அடியில் விழும் நீள விரிசல் சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. காரணம் எளிது. அடியில் துளையிட்டு ஈயமோ இரும்போ வைத்து இறுக்கியிருப்பார்கள். வறண்ட அறையில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. உள்ளே இருப்பது விட்டுக்கொடுக்காதபோது வெளியே உள்ளது பிளக்கிறது. அதனால் எடை அதிகம் என்பதை மட்டுமே பெருமையாகச் சொல்லி விற்கும் கருங்காலி செட்டை நான் கொஞ்சம் சந்தேகத்துடன்தான் பார்ப்பேன். கையில் நிற்கும் அளவு எடை போதும்.

"கருங்காலி" என்று சொல்லி, கறுப்புச் சாயம் ஏற்றிய பாக்ஸ்வுட்டையே கொடுப்பதும் உண்டு. சாயம் ஏற்றியது என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை. பழைய ஆட்ட செட்களில் மிக நல்லவை பலவும் அப்படிப்பட்டவைதான், அவை வெடிப்பதும் குறைவு. சோதிக்க வேண்டுமானால் அடியில் ஒட்டிய துணியின் ஓரத்தைப் பாருங்கள், அல்லது எங்காவது சிறு சில்லு பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் சாயம். அசல் கருங்காலியில் வெளிச்சத்தில் திருப்பினால் மெல்லிய பழுப்பு ரேகை எங்காவது ஓடும். தார் பூசியது போல ஒரே சீரான கறுப்பு என்றால் கேள்வி கேளுங்கள். சிசம், ரோஸ்வுட், படாக் ஆகியவற்றில் செய்த செட்களும் அழகானவை. படாக்கின் செந்நிறம் புதிதாக இருக்கும்போது கண்ணைப் பறிக்கும், வெயில் படும் இடத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் பழுப்பாகிவிடும். நிறத்துக்காக வாங்குபவர்கள் இதைத் தெரிந்து வாங்க வேண்டும். ரோஸ்வுட், சிசம் இரண்டும் டால்பெர்ஜியா இனம். 2017 ஜனவரி முதல் அந்த இனம் முழுவதும், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2019இல் செய்து முடித்த பொருட்களுக்கு, ஓர் அனுப்புதலுக்கு 10 கிலோ வரை சலுகை கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் தனி. அதற்கு 1992 முதலே மிகக் கடுமையான தடை. நாடு விட்டு நாடு வரவழைப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்டனுக்குள்ளேயே எத்தனையோ கிளைகள். 1950இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் டுப்ரோவ்னிக் நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடுக்காகச் செய்த செட் அவற்றில் ஒன்று. மந்திரியின் தலையில் பிளவே கிடையாது, ராஜாவுக்குச் சிலுவை கிடையாது, தலை உச்சியில் எதிர் நிறத்தில் ஒரு சிறு மொட்டு. உலக சாம்பியன் பாபி ஃபிஷருக்கு மிகவும் பிடித்த செட் அது. சோவியத் நாட்டுக் காய்களில் எதிர் நிற மொட்டு இன்னும் பரவலாக வரும். அவற்றைச் செய்தவர்கள் விலையுயர்ந்த மரத்தை நம்பவில்லை. சாதாரண மரம், உயரமான ஒல்லியான உடல், சாயம், வார்னிஷ். ஆனாலும் விகிதங்கள் சரியாக அமைந்திருப்பதால் பலகையில் அடுக்கி நிறுத்தினால் வேறு எதுவும் தேவையில்லை என்று தோன்றும். எளிய பொருளில் உயர்ந்த வடிவம் சாத்தியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று அவைதான். சேர்க்கத் தொடங்குபவர்கள் அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம்.

கடைசலை முற்றிலும் விட்டுவிட்டு மரத்தில் வேறு வழி போனவரும் உண்டு. ஜெர்மனியின் பவுஹவுஸ் கலைப் பள்ளியில் ஜோசஃப் ஹார்ட்விக் 1923-24இல் வடிவமைத்த செட்டில் எல்லாமே ரம்பத்தால் அறுத்த கட்டைகள். ஒவ்வொரு காயின் உருவமும் அது நகரும் விதத்தையே காட்டும். மூலைவிட்டமாகப் போகும் மந்திரி பெருக்கல் குறி போல இருக்கும், நேராகப் போகும் கோட்டை வெறும் கனசதுரம், ராஜாவின் உச்சியில் ஒரு சிறு கனசதுரம் கோணம் திரும்பி உட்கார்ந்திருக்கும், ராணியின் மேல் ஒரு பந்து. ஆட்டம் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால்கூட பாதி விதிகளைக் காய்களே சொல்லிக்கொடுத்துவிடும். கலைஞர் மேன் ரே 1920இல் செய்த செட்டும் வடிவியல்தான், ஆனால் அதன் குதிரை வயலினின் தலைச் சுருளிலிருந்து வந்தது. நவீன வடிவங்களில் ஆர்வம் வந்தால் இந்த இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். பிறகு வந்த பலவும் இவற்றின் நிழலில்தான் நிற்கின்றன.

சரி, தந்தம். இதை ரசிக்க அருங்காட்சியகம்தான் இடம், வாங்குவதற்கு அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தை நிறுத்தும் முடிவு 1989இல் வந்தது. பிரிட்டன் 2022 முதல் பழைய தந்தப் பொருட்களின் விற்பனையையும் மிகச் சில விலக்குகளைத் தவிர மூடிவிட்டது. ஆனால் இந்தக் கலையின் பழைய சிகரங்கள் தந்தத்தில் இருப்பதால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் வெளிப்பட்ட காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வால்ரஸ் தந்தம், சில திமிங்கிலப் பல், 12ஆம் நூற்றாண்டு. பெரும்பாலான அறிஞர்கள் அவை நார்வேயில் செய்யப்பட்டவை என்கிறார்கள். கிடைத்த 93 பொருட்களில் 82 பிரிட்டிஷ் மியூசியத்தில், 11 ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில். ராணிகள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள், கோட்டைக்குப் பதிலாக வரும் காவல் வீரர்களில் சிலர் கேடயத்தின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஏன் எல்லா உருவங்களும் கைகால்களை உடம்போடு ஒட்டி, குறுகி அமர்ந்திருக்கின்றன? வால்ரஸ் தந்தம் ஒல்லியானது. உள்மையம் கரடுமுரடாக இருக்கும், மெல்லிய வெளியடுக்கில்தான் நுணுக்கமாகச் செதுக்க முடியும். நீட்டிய கைக்கு அதில் இடமே இல்லை. அந்த இறுக்கத்தைத்தான் சிற்பி முகபாவமாக மாற்றிவிட்டார். காணாமல் போயிருந்த ஒரு காவல் வீரன் 2019இல் வெளிவந்தான். 1964இல் ஒரு பழம்பொருள் வியாபாரி 5 பவுண்டுக்கு வாங்கியது, ஏலத்தில் 7,35,000 பவுண்டுக்குப் போனது.

பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் 'சார்லமேன் காய்கள்' இதற்கு நேர் எதிர். யானைத் தந்தம் பருமனானது, அதனால் அங்கே ராஜா ஒரு மண்டபத்துக்குள் திரைச்சீலையோடு அமர்ந்திருக்கிறார். சார்லமேன் பேரரசருக்கு வந்த பரிசு என்பது கதை. உண்மையில் அவர் காலத்துக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தி, 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் செய்தவை. நம் நாட்டுத் தந்தக் காய்களில் பேர் பெற்றவை வங்காளத்தில் முர்ஷிதாபாத், பெர்ஹாம்பூர் பக்கம் செய்த 'ஜான் கம்பெனி' செட்கள். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, இன்னொரு பக்கம் இந்திய மன்னரின் படை. அம்பாரி வைத்த யானை, துப்பாக்கி ஏந்திய சிப்பாய், எல்லாம் விரல் உயரத்தில். ஆடுவதற்கு ஏற்றவை அல்ல. வந்த அதிகாரிகள் ஊருக்கு எடுத்துப் போக வாங்கியவை. உடைந்து போகாத துப்பாக்கி முனைகளும் தும்பிக்கைகளும் இருக்கும் செட் அபூர்வம்.

பழைய பொருட்களில் எலும்பைத் தந்தம் என்று சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கும். உருப்பெருக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எலும்பில் இரத்தக் குழாய் போன வழிகள் சிறு கறும்புள்ளிகளாகவோ குறுங்கோடுகளாகவோ தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில், பெரும்பாலும் காயின் அடியில், ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் வலை போல ஓடும். தந்தம் போலச் செய்த பழைய பிளாஸ்டிக்கான செல்லுலாய்டில் கோடுகள் இருந்தாலும் இணையாக, ஒரே சீராக இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். காய் பாழாகும், செல்லுலாய்டாக இருந்தால் தீப்பற்றியே விடும்.

பீங்கான், மண் வகைகளுக்கு வந்தால் மறுபடி வடிவத்தின் கதை. ஈரானின் நிஷாபூரில் 12ஆம் நூற்றாண்டில் செய்த ஒரு செட் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய செட்களில் ஒன்று. ஒரு பக்கம் நீலப்பச்சை, மறுபக்கம் கருநிறம், மேலே பளபளக்கும் மெருகு. உருவங்களே கிடையாது. உருண்டு திரண்ட குமிழ்கள், சிறு முனைகள், அவ்வளவுதான். அச்சிலிருந்து சுலபமாக வெளிவரும், மெருகு சீராக வழியும், சூளையில் வெடிக்காது. எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அது புதிதாகத் தெரிவதற்கு அந்த எளிமையே காரணம் என்று நினைக்கிறேன். ஐரோப்பியப் பீங்கான் வேறு திசையில் போனது. 1780களில் வெட்ஜ்வுட் நிறுவனத்துக்காகச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்த காய்கள் மடிப்பாடை அணிந்த மனித உருவங்கள். 1920களில் சோவியத் அரசுப் பீங்கான் ஆலையில் நடாலியா டான்கோ வடிவமைத்த செட்டில் சிவப்புப் படையும் வெள்ளைப் படையும் மோதும். வெள்ளைப் பக்கத்துச் சிப்பாய்கள் சங்கிலியால் கட்டுண்டவர்கள், அவர்களுடைய ராஜா ஒரு எலும்புக்கூடு. அரசியல் பிரசாரம்தான், ஆனால் சிற்பமாகப் பார்த்தால் அபாரமான வேலை. பீங்கான் செட் வாங்கும்போது விரல் நுனியை விளிம்புகளில் ஓடவிடுங்கள். கண்ணுக்குத் தப்பும் சில்லும் ஒட்டுப் பூச்சும் விரலுக்குத் தப்பாது.

கல் செட்கள்தான் பலருக்கு முதல் ஆசை, சுற்றுலாவில் கையில் கிடைப்பதும் அவைதான். ஓனிக்ஸ் என்று விற்கப்படுவது அநேகமாக அசல் ஓனிக்ஸ் அல்ல, வரிவரியாகப் படிந்த கால்சைட். பளிங்கும் கால்சைட்தான். இரண்டையும் எலுமிச்சையும் வினிகரும் அரித்து மெருகைக் கெடுக்கும். அலபாஸ்டரும் மாக்கல்லும் அதைவிட மெத்தென்றவை, நகமே கோடு போடும். மாக்கல் மெத்தென்று இருப்பதால்தான் அதில் ஜன்னல் ஜன்னலாகக் குடைந்து யானைக்குள் யானை செய்ய முடிகிறது. அந்தச் சாமர்த்தியத்தை ரசிக்கலாம், ஆனால் அப்படிப்பட்ட செட்டைக் கண்ணாடி அலமாரிக்குள் வைக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் கல்லில் குட்டையான, திரண்ட, சிலுவையோ நீண்ட காதோ இல்லாத காய்களைத் தேடுங்கள். கல்லின் வரிகளே அழகு, அவற்றுக்குப் பரப்பு வேண்டும். கல் பலகையில் கல் காயை வைத்து ஆடுவதானால் அடியில் ஃபெல்ட் துணி கட்டாயம்.

கண்ணாடி செட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு படை தெளிந்த கண்ணாடி, மறு படை மங்கிய கண்ணாடி என்றால் விளக்கொளியில் எது யாருடையது என்று தடுமாறும். நிறக் கண்ணாடியாகப் பாருங்கள். உலோகத்தில், பித்தளையையும் எஃகையும் கடைந்து செய்த கனமான செட்கள் அருமையானவை, விளிம்புகள் கத்தி போல வரும், ஆயுளுக்கும் கெடாது. ஆனால் அச்சில் வார்த்து மேலே தங்க நிறம் ஏற்றியவற்றில் அந்த விளிம்பு மழுங்கியிருக்கும், பூச்சு உரிந்தால் திருத்தவும் முடியாது. திரைப்பட நாயகர்களையும் போர் வீரர்களையும் ரெசினில் வார்த்து வரும் செட்களை நான் சேர்ப்பதில்லை. மந்திரி எது, குதிரை எது என்று முகத்தை உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, பொருளுக்கும் உருவத்துக்கும் ஒரு உறவும் இல்லை.

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். பேக்லைட் 1907இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வழிவந்த கேட்டலினில் வார்த்துக் கடைந்த காய்கள் இன்று தனிப் பிரிவாகவே சேர்க்கப்படுகின்றன. வெள்ளையாகச் செய்தது காலப்போக்கில் தேன் நிறமாகிவிடும். அந்த நிறத்துக்காகவே தேடுவோர் உண்டு. தேய்த்துச் சுரண்டிப் பழைய வெள்ளையைக் கொண்டுவர நினைக்க வேண்டாம். செல்லுலாய்டை மட்டும் மற்றவற்றோடு ஒரே பெட்டியில் மூடி வைக்காதீர்கள். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் ஆவி பக்கத்தில் இருப்பதையும், குறிப்பாக உலோகத்தை, அரிக்கும்.

பலகையைப் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அங்குதான் பாதி அழகு போகிறது. அளவு முதலில். உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, போட்டிகளுக்கு ராஜாவின் உயரம் 9.5 செ.மீ. அளவிலும் கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரையிலும் இருக்கச் சொல்கிறது. வீட்டில் எந்த அளவு செட்டானாலும் ராஜாவின் அடி விட்டம் கட்டத்தின் முக்கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். இன்னொரு வழி, ஒரே கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நெருக்கி நிறுத்திப் பார்ப்பது. சரியாக அடங்கினால் பொருத்தம். அடுத்து நிறம். கருங்காலிக் காய்களைக் கருங்காலிக் கட்டங்களில் வைத்தால் கறுப்புப் படை தரையில் கரைந்துவிடும். வால்நட் அல்லது மஹோகனி கட்டங்களில் வைத்தால் ஒவ்வொரு காயின் விளிம்பும் தனியாக நிற்கும். இருண்ட கட்டம் காயைவிட ஒரு படி வெளிறியதாக இருக்கட்டும். எதிரொளிக்கும் பளபளப்புப் பூச்சு வேண்டாம். ரேகை தெரியும் மங்கிய மெருகுதான் பலகைக்கு அழகு.

பலகை முழு மரமா, வினீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டியதா என்ற வாதம் ஓயாது. முழு மரக் கட்டங்களை இணைத்த பலகை தடிமனும் கனமும் கொண்டது, தொட்டால் ஒரு நிறைவு. ஆனால் மரம் ரேகைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும். அதைச் சுற்றிச் சட்டத்தை இறுக்கி ஒட்டியிருந்தால் ஒரு பருவம் மாறியதும் மூலை இணைப்பு வாய் பிளக்கும் அல்லது பலகை வளையும். சட்டத்துக்கு அசைவிடம் விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். வினீர் பலகையை மட்டமாக நினைக்க வேண்டாம். அசையாத அடிப்பலகையில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் வினீர் ஒட்டியிருந்தால் அது பல ஆண்டுகளுக்குத் தட்டையாகவே இருக்கும். அடிப்பக்கம் வெறுமையாக விட்டதுதான் வளையும். மேசையில் வைத்து எதிரெதிர் மூலைகளை அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம்.

பயண செட்கள் தனி உலகம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜாக்ஸ் வெளியிட்ட 'இன் ஸ்டாட்டு குவோ' பலகையில் ஆட்டத்தைப் பாதியில் அப்படியே பூட்டி, மடித்து எடுத்துப் போகலாம். இடம் குறைவாக இருப்பவர்கள் பயண செட்களை மட்டுமே சேர்க்கிறார்கள். ஒரு அலமாரித் தட்டில் நூறு ஆண்டு வரலாறு அடங்கிவிடும்.

பழையது என்று வரும் செட்டில் 32 காய்களையும் ஒரே வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்துங்கள். பிறகு சேர்த்த காய் நிறத்திலோ அடி விட்டத்திலோ காட்டிக்கொடுக்கும். ஒரிஜினல் ஜாக்ஸ் செட்களில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு குதிரையிலும் ஒரு கோட்டையிலும் சிறு கிரீட முத்திரை இருக்கும். அன்றைய குறியீட்டு முறையில் ராஜா பக்கத்துக் காய் எது என்று தெரிவதற்காக இட்டது. முத்திரையை இப்போதும் யாரும் குத்தலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. தேய்மானம்தான் நம்பகமான சாட்சி. நூறு ஆண்டு ஆடிய காயில் விரல் பிடிக்கும் இடமும், குதிரையின் மூக்கும், ராஜாவின் சிலுவையும் தேய்ந்திருக்கும், பள்ளங்களில் அழுக்கு படிந்திருக்கும். செயற்கையாகப் பழமை ஏற்றியதில் பள்ளமும் மேடும் ஒரே பழுப்பாக இருக்கும். குறைபட்ட பழைய செட்டை ஒதுக்கிவிடவும் வேண்டாம். காணாமல் போன சிப்பாயைக் கடைந்து சேர்க்கலாம். சேர்த்ததன் அடியில் பென்சிலால் குறித்து வையுங்கள், உங்களுக்குப் பிறகு அதை வாங்குபவருக்கு அந்தத் தகவல் சொந்தம்.

பராமரிப்பு அதிகம் இல்லை. நேர் வெயில் வேண்டாம், குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம், ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் பெரிதாக ஏறி இறங்காமல் இருந்தால் போதும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை மிக மெல்லியதாக மெழுகு பூசித் துடைக்கலாம். சமையல் எண்ணெயை எந்தக் காரணத்துக்கும் மரத்தில் தடவாதீர்கள், பிசுபிசுத்து நாறும்.

முதலில் எதை வாங்குவது? பாக்ஸ்வுட்டும் சாயம் ஏற்றிய பாக்ஸ்வுட்டும் கொண்ட, நல்ல குதிரைகள் உள்ள ஒரு ஸ்டான்டன் செட், 9.5 செ.மீ. ராஜா. அதற்கு வால்நட்டும் மேப்பிளும் கலந்த, 5.5 செ.மீ. அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய கட்டமுள்ள வினீர் பலகை. அலமாரியில் பூட்டாமல் அதில் சில மாதம் ஆடுங்கள். எந்தக் காயைத் தொடும்போது கை நிற்கிறது, எந்த இடத்தில் கண் குறை காண்கிறது என்று உங்களுக்கே தெரியவரும். இரண்டாவதாக வேறு காலத்து மரச் செட் ஒன்று, சோவியத் செட் அல்லது டுப்ரோவ்னிக் வடிவம். மூன்றாவதாக மரமே இல்லாத ஒன்று: குட்டையான கல் செட் அல்லது கேட்டலின். அதற்கு மேல் எதைத் தேடுவது என்று யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது.